கரடி, திமிங்கிலம், மயில்

போன வாரம் தொலைபேசியை வைத்துவிட்டு நோரியே அந்தக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரம் ஒன்றுமில்லை. பொய் சொன்ன பிறகு எதையாவது துடைக்கவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

"வீட்டுக்காரர் வேலை மாற்றலில் வடக்கே இருக்கிறார். நேர்காணலுக்கு நானும் குழந்தையும் மட்டும் வரலாமா?" என்று, மகளைச் சேர்க்க விண்ணப்பித்திருந்த மேட்டுப் பள்ளிக்கூடத்தாரிடம் கேட்டிருந்தாள். தாராளமாக வாருங்கள் என்று மறுமுனையில் சொல்லிவிட்டார்கள். டோக்கியோவில் எத்தனையோ வீடுகளில் அப்பாக்கள் வெளியூரில்தான் இருக்கிறார்கள். யாரும் அதைத் தோண்டித் துருவுவதில்லை.

ஆனால் அவள் கணவன் மொதோஹாரு வடக்கேயும் இல்லை, தெற்கேயும் இல்லை. அடுத்த அறையில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. மொதோஹாரு ரயில் ஓட்டியவன். செர்ரி பூத்த சமயத்தில் பக்கவாதம் வந்து விழுந்தான். கால் ஓரளவு தேறிவிட்டது, கைத்தடி போதும். வலது கை இன்னும் முரண்டு பிடிக்கிறது. போனது பேச்சுதான். "சொல்லெல்லாம் உள்ளேதான் இருக்கு. வாய்க்கு வர்ற வழியிலதான் தொலையுது" என்று மருத்துவர் சொன்னார்.

ரயிலில் சொல்லிப் பழகிய சொற்கள் மட்டும் தொலையவில்லை. ரயில் ஓட்டுகிறவர்கள் எதையும் சும்மா பார்ப்பதில்லை. விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லவேண்டும். சிக்னல் சரி. கதவு சரி. புறப்பாடு சரி. இருபது வருஷமாகச் சொன்ன அந்தச் "சரி!" நோய்க்குத் தப்பி, முன்பு போலவே கணீரென்று வந்தது. சூப் வேண்டுமா என்று கேட்டால் கிண்ணத்தைக் காட்டி, "சரி!" வேண்டாமென்றாலும் "சரி", கொஞ்சம் தணிந்து. வலது கைக்குப் பதில் இப்போது இடது கை விரல்.

பெற்ற மகளின் பெயர்தான் வரவில்லை. குரேஹாவைப் பார்ப்பான், வாயைத் திறப்பான், கண் கலங்கும், கடைசியில் "சிக்னல்" என்பான். ஆறு வயதுக் குரேஹா அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. சிக்னல் என்று கூப்பிட்டாலும் ஓடிப்போய் நின்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி அழுததெல்லாம் அவன்தான்.

இன்றைக்கு அந்த நேர்காணல் நாள்.

காலையிலேயே நாத்தனார் தொமோயே வந்து இறங்கிவிட்டாள். மொதோஹாருவின் அக்கா. ஸ்டேஷன் அருகே மதிய உணவுப் பெட்டி விற்கும் கடை வைத்திருக்கிறாள். வந்த வேகத்தில் சோற்றுருண்டைகளை மேசையில் அடுக்கினாள்.

"நோரியே, மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப்போய் இருக்கு? பரீட்சை உனக்கா, குழந்தைக்கா?"

"அண்ணி, மெதுவா. அவர் காதுல விழப்போகுது."

"விழட்டும். பேச்சுதானே போச்சு, காது நல்லாத்தானே இருக்கு?"

அதுதான் நோரியேயின் பயமே.

குரேஹா தரையில் படச்சீட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, கருநீலக் கால்சட்டை, இரட்டைப் பின்னல். நுழைவுத்தேர்வு வகுப்பில் கொடுத்த சீட்டுகள். எழுத்து ஒன்றும் இருக்காது, வெறும் மிருகப் படங்கள். எந்தெந்த மிருகங்களின் பெயர் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிறதோ, அவற்றைச் சேர்த்து வைக்கவேண்டும். குரேஹா அதற்கு வீடு என்று பெயர் வைத்திருந்தாள். பூனை நெகோ, எலி நெசுமி, ஆகவே இரண்டும் நெ வீடு. "பூனையும் எலியும் ஒரே வீட்டுல எப்படிம்மா தூங்கும்?" என்று முதல் நாளே கவலைப்பட்டவள்.

இதே விளையாட்டைத்தான் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் மொதோஹாருவுக்குக் கொடுத்திருந்தாள். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் மீதி பின்னாலேயே வரும் என்றாள். ஆக, அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே வீட்டுப்பாடம். கோடையில் ஒரு சாயங்காலம் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு சீட்டு அடுக்குவதைப் பார்த்தபோது, சிரிப்பதா அழுவதா என்று நோரியேக்குத் தெரியவில்லை. போய் அரிசி களைந்தாள்.

"நீ எந்த வீடுடி?" என்று தொமோயே மருமகளைக் கேட்டாள்.

"நான் கு வீடு அத்தை. கரடி குமா, திமிங்கிலம் குஜிரா, மயில் குஜாகு, அப்புறம் குரேஹா. எனக்கும் மயிலுக்கும் ஒரே ரூம். திமிங்கிலம் குளிக்கிற தொட்டியில இருக்கும்."

"சரியான பெரிய இடந்தான். உங்கம்மா?"

குரேஹா உதட்டைப் பிதுக்கினாள். "நோ வீட்டுல யாருமே இல்ல அத்தை. பெட்டி முழுக்கத் தேடிட்டேன். நோமி ஒண்ணுதான் இருக்கு, அதுக்கும் சீட்டு கிடையாது."

"தெள்ளுப்பூச்சியா!" தொமோயே விழுந்து விழுந்து சிரித்தாள். "மகளுக்குத் திமிங்கிலம், அம்மாவுக்குத் தெள்ளுப்பூச்சி! நல்லாருக்கு போ!"

நோரியேயும் சிரித்து வைத்தாள். அவள் பெயரும்தான் செர்ரிக் காலத்திலிருந்து அந்த வாயில் வரவில்லை. ஆனால் அதை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை, அவள் உட்பட.

"குரேஹா, இங்க பாரு. உள்ள அப்பா எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"வடக்கே வேலைக்குப் போயிருக்கார்."

"கெட்டிக்காரி."

"ஆனா அப்பா இங்கதானே சட்டை போட்டுட்டிருக்கார்?"

தொமோயேயின் கை சோற்றுருண்டையோடு அப்படியே நின்றது. "என்னடி இது கூத்து?"

"வகுப்புல டீச்சர்தான் சொன்னாங்க அண்ணி," என்றாள் நோரியே அவசரமாக. "வீட்டுல இப்படி ஒரு கஷ்டம்னு தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல யோசிப்பாங்களாம். வெளியூர்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்."

"டீச்சர் சொன்னா நீ என் தம்பியை வடக்கே அனுப்பிடுவியா?"

டீச்சர் ஒரு சாக்குதான், அது நோரியேக்கே தெரியும். கடையிலோ மருத்துவமனையிலோ யாராவது மொதோஹாருவிடம் ஏதாவது கேட்பார்கள். அவன் வாயைத் திறந்தபடி நிற்பான். கேட்டவர் முகத்தில் அந்தப் பொறுமையான புன்னகை வரும். அந்த நேரத்தை அவளால் தாங்கவே முடிந்ததில்லை. முந்திக்கொண்டு பதிலைச் சொல்லிவிடுவாள். "நீங்க சொல்லாதீங்க, காத்திருங்க" என்று பயிற்சிப் பெண் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முந்திக்கொண்டுதான் இருந்தாள்.

கதவு நகர்ந்தது.

மொதோஹாரு கருநீலக் கோட்டு சூட்டில் நின்றான். கல்யாணங்களுக்கும் இழவுக்கும் மட்டும் வெளியே வருகிற சூட்டு. பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தது. கழுத்தில் டை கட்டாமல் தொங்கியது. முகம் மழித்திருந்தான், தாடையில் சின்ன வெட்டு. ஒற்றைக் கையால் இவ்வளவும் செய்ய எப்போது எழுந்தானோ.

"ஏங்க," என்றாள் நோரியே. "நீங்க வர வேண்டாம்னு நேத்தே சொன்னேனே."

அவன் குரேஹாவைக் காட்டினான். தன்னைக் காட்டினான். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. வாசல் பக்கம் விரலை நீட்டினான்.

"புறப்பாடு, சரி!"

"கேட்டியா?" தொமோயே எழுந்துபோய்த் தம்பிக்கு டை கட்ட ஆரம்பித்தாள். "வண்டி எடுக்கிறாராம். ரயில்காரனை வழி மறிக்காதே. டேய் மொதோ, கழுத்தைத் தூக்குடா. சின்ன வயசுலயும் இப்படித்தான், கழுத்தை எங்கயோ தொலைச்சிட்டு வந்து நிப்பான்."

"அண்ணி, அங்க அவங்க இவரைக் கேள்வி கேப்பாங்க! இவரால—"

"இவனாலன்னு இவன் எதிர்லயே சொல்லு. நானும் கேக்கறேன்."

நோரியே மேசையிலிருந்த சோற்றுருண்டைகளைப் பார்த்தாள். அவனைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் அவள் ஆசையே இல்லை, அவன் ஆசை. தினமும் அந்த மேட்டை ஒட்டித்தான் வண்டி ஓட்டுவான். வட்டத் தொப்பி போட்ட பிள்ளைகள் சரிவில் நின்று ரயிலுக்குக் கை காட்டும். "நம்ம பொண்ணும் ஒரு நாள் அங்க நின்னு எனக்குக் கை காட்டணும்" என்று குரேஹா தவழ்ந்த காலத்திலேயே சொன்னவன். அவன் இனி வண்டி ஓட்டப்போவதில்லை. அந்த ஆசையையாவது நிறைவேற்றிவிடவேண்டும் என்றுதான் செர்ரிக் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். அவனுடைய ஆசையை நிறைவேற்ற அவனையே வீட்டில் விட்டுவிட்டுப் போகப் பார்த்தது, இப்போது அந்த டையைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அம்மா," என்றாள் குரேஹா. "அப்போ வடக்கேன்னு நான் சொல்லணுமா, வேண்டாமா?"

"ஷூ போடு, நேரமாச்சு," என்றாள் நோரியே.

ரயிலில் மொதோஹாரு உட்காரவில்லை. நேரே முதல் பெட்டிக்குப் போய், ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டான். உள்ளே இளம் ஓட்டுநர் விரலை நீட்டும்போதெல்லாம் இவன் இடது விரலும் இடுப்பளவில் நீண்டது. உதடு அசைந்தது. எதிரில் இருந்த ஒரு கிழவர் பார்த்தார். நோரியே கைப்பிடியைப் பார்த்தாள்.

"அப்பா, நெ வீட்டுல யாரு?"

"நெ... நெகோ. நெசுமி."

"உ வீடு?"

"உ... உமா." குதிரை. "உ... உ..." காத்திருந்தாள் குரேஹா. அவசரமே இல்லை அவளுக்கு. ஒரு ஸ்டேஷன் வந்து போயிற்று. "உசாகி!" முயல் வந்துவிட்டது.

"கு வீடு?"

"குமா. குஜிரா. குஜாகு."

"அப்புறம்?" அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"கு..." முகம் சிவந்தது. "கு... சிக்னல்."

"பரவால்லப்பா," என்றாள் குரேஹா. "கு வரைக்கும் வந்துட்டீங்க."

வளைவு திரும்பியதும் மேடு தெரிந்தது. மொதோஹாரு விரலை உயர்த்தினான். "மேடு, சரி!" பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை நோரியேயும் மேட்டைத்தான் பார்த்தாள். சனிக்கிழமை, பிள்ளைகள் யாரும் இல்லை. சரிவு காலியாகக் கிடந்தது.

பள்ளி வாசலில்தான் அடுத்த இடி. உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்பை வீட்டிலிருந்தே கொண்டுவரவேண்டும். பள்ளிச் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டால் தயாராகாமல் வந்த குடும்பம் என்று அர்த்தம். நோரியே தனக்கும் குரேஹாவுக்கும் மட்டும்தான் எடுத்து வந்திருந்தாள். வரப்போவது தாங்கள் இருவர்தானே என்று நினைத்திருந்தாள்.

மொதோஹாரு கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோட்டின் உட்பையில் கைவிட்டு இழுத்தான். மருத்துவமனைச் செருப்பு. முன்பக்கம் குடும்பப் பெயரோடு கசாமா மொதோஹாரு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவன் விழுந்த வாரம் நோரியே எழுதிய எழுத்து. கை நடுங்கியதால் கோணலாக இருக்கும்.

அவன் இதையெல்லாம் நேற்றே யோசித்து எடுத்து வைத்திருக்கிறான். நோரியே குனிந்து அந்தச் செருப்பை அவன் காலில் மாட்டிவிட்டாள். நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு முதல்வர் அம்மா, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், ஓரமாகப் பாயில் ஓர் இளம் ஆசிரியை. ஆசிரியையின் முன்னால் குட்டை மேசை. மேசையில் படச்சீட்டுகள்.

"குரேஹா, நீங்க இங்க வாங்க. பேரோட முதல் எழுத்து ஒண்ணா இருக்கிற மிருகங்களை ஒண்ணா சேத்து வைக்கிறீங்களா? முடிக்கிற வரைக்கும் பாயிலயே இருக்கணும், சரியா?"

"சரிங்க." குரேஹா முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதுகு நேராக இருந்தது. இந்த ஒரு வருஷத்தில் இதற்காக மட்டும் எத்தனை தடவை முதுகில் தட்டியிருப்பாள் நோரியே.

முதல்வர் அம்மா தாளைப் பார்த்தார். நிமிர்ந்து மொதோஹாருவைப் பார்த்தார். "அப்பாவும் வந்துட்டீங்களா! ரொம்ப சந்தோஷம். வடக்கேயிருந்து இதுக்காகவே வந்தீங்களா?"

நோரியே தலை குனிந்தாள். குனிந்த தலை ஆமாம் என்றும் ஆகும், மன்னியுங்கள் என்றும் ஆகும். அவளுக்கே எது என்று தெரியவில்லை.

"அப்பாகிட்டயே கேக்கறேன். உங்க மகள் பேரைச் சொல்லுங்க. அவங்க எப்படிப்பட்ட குழந்தைன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

எல்லாக் குடும்பத்தையும் கேட்கிற கேள்விதான். பயத்தைத் தணிக்க முதலில் கேட்கிற லேசான கேள்வி.

மொதோஹாரு வாயைத் திறந்தான்.

கண்ணாடிக்காரர் பேனாவோடு காத்திருந்தார். முதல்வர் புன்னகையோடு காத்திருந்தார். அந்தப் புன்னகைதான். அவன் கழுத்து நரம்பு புடைப்பது பக்கத்திலிருந்து தெரிந்தது. வாய்க்குள் பெயர் முட்டிக்கொண்டு நின்றது. நோரியேயின் வாய்க்குள்.

"மன்னிக்கணும், இவருக்குக் கொஞ்சம் தொண்டை—"

பாயில் சீட்டுச் சத்தம் நின்றது. குரேஹா திரும்பிப் பார்த்தாள். முதலில் அப்பாவை, பிறகு அம்மாவை.

பிறகு மேசையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"குரேஹா, பாயிலயே—" என்று இளம் ஆசிரியை பாதி எழுந்தாள். முதல்வர் அம்மா கையை லேசாக உயர்த்தினார். ஆசிரியை உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வருஷப் பாடமும் போயிற்று என்று நோரியே நினைத்தாள். ஆனாலும் மகளை அதட்ட வாய் வரவில்லை.

குரேஹா அப்பாவின் தொடையில் சீட்டுகளை வரிசையாக வைத்தாள். கரடி. திமிங்கிலம். மயில். மயிலுக்குப் பக்கத்தில் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு தானும் நின்றாள், நாலாவது சீட்டு மாதிரி.

"கு வீடுப்பா," என்றாள் மெதுவாக.

இடது கை விரல் நீண்டது. கரடி மேல் நின்றது.

"குமா."

"ம்."

"குஜிரா." திமிங்கிலம். "குஜாகு." மயில்.

விரல் மயிலைத் தாண்டி மகளிடம் வந்தது. "கு..."

நோரியே உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரே என்று ஓர் எழுத்து எடுத்துக் கொடுத்தால் போதும், வந்துவிடும். கொடுக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்காகக் காத்திருந்தாள்.

"கு... கு..." அவன் கண்ணை மூடினான். திறந்தான். "கு... ரே..."

குரேஹா அசையவில்லை.

"குரே... ஹா."

அவனுக்கே நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். "குரேஹா." அப்புறம் முதுகு தானாக நிமிர்ந்தது. இடது கை முழு நீளத்துக்கு நீண்டது. இருபது வருஷம் ரயில் ஓட்டிய குரல், ஜன்னல் கண்ணாடி அதிர வெளியே வந்தது.

"குரேஹா, சரி!"

"அப்பா, சரி!" என்று அவளும் விரலை நீட்டிச் சொல்லிவிட்டு, சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாய்க்குப் போய் உட்கார்ந்தாள். முதுகு மறுபடி நேராயிற்று. இன்னும் நெ வீடு பாக்கியிருந்தது அவளுக்கு.

மொதோஹாருவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை. எப்படிப்பட்ட குழந்தை என்ற கேள்விக்கு இதற்குமேல் யாரும் பதில் கேட்கவுமில்லை. கண்ணாடிக்காரர் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்திருந்தார். பேனா ஓடவில்லை.

நோரியே எழுந்து நின்றாள். நேர்காணலில் நடுவே எழுந்து நிற்கக்கூடாது. மகளே எழுந்துவிட்டாள், இனி என்ன.

"இவர் வடக்கேயிருந்து வரலீங்க. பக்கவாதம் வந்து வீட்டுலதான் இருக்கார். நான்தான் போன்ல பொய் சொன்னேன். குழந்தைக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவ அதைச் சொல்லலை. தப்பு என் ஒருத்தியோடது. மன்னிச்சுக்கணும்."

இடுப்பு வரை வளைந்து குனிந்தாள். தரையில் மருத்துவமனைச் செருப்பும் தன் கோணல் எழுத்தும் தெரிந்தன.

முதல்வர் அம்மா பேனாவை மூடி வைத்தார். முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

"வெளியில உட்காருங்க. அடுத்த குடும்பத்தைப் பார்த்துட்டு உங்களை மட்டும் கூப்பிடறேன்."

தாழ்வாரத்து பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக இலையுதிர் காலத்து ஒஸ்மாந்துஸ் பூ வாசனை வந்தது. கீழே ரயில் ஒன்று போயிற்று. மொதோஹாரு வாய்க்குள்ளேயே குரேஹா, குரேஹா என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான், எங்கே மறுபடி தொலைந்துவிடுமோ என்று. ஒவ்வொரு தடவையும் குரேஹா சளைக்காமல் "ம்" கொட்டினாள்.

"அம்மா, நான் பாயிலேருந்து எழுந்துட்டேனே. தப்பா?"

"அவங்க தப்புன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன்."

"என்னைச் சேத்துக்கலைன்னா?"

நோரியே மகளின் அவிழ்ந்த பின்னலை எடுத்துக் கட்டினாள். சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் என்ன ஆகும் என்று ஒரு வருஷமாகப் பயந்தவள். இப்போதும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கணீர்க் குரலும் உட்கார்ந்திருந்தது.

"வேற பள்ளிக்கூடம் இல்லாமயா போச்சு? ரயில் எல்லா ஊர் வழியாவும்தான் போகுது."

குரேஹா கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா இனிமே அம்மா பேரையும் சொல்லணும். ஆனா நோ வீட்டுல யாருமே இல்லியே. அம்மா பாவம், தனியா இருக்காங்க."

"பரவால்ல கண்ணு. அம்மாவுக்குத் தெள்ளுப்பூச்சி துணை இருக்கு."

குரேஹா சிரிக்கவில்லை. யோசனை செய்தாள். "நான் வேணா நோ வீட்டுக்கு வந்துடட்டுமா? மயில்கிட்ட சொல்லிட்டு வரேன்."

நோரியே மகளின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. இளம் ஆசிரியை எட்டிப் பார்த்தாள். "கசாமா அம்மா, நீங்க மட்டும் வாங்க. முதல்வர் கூப்பிடறார்."

நோரியே எழுந்தாள். கோட்டை இழுத்து நேராக்கிக்கொண்டாள். கதவை நோக்கி நடந்தாள்.

"நோ..."

பின்னாலிருந்து வந்தது. அவள் நின்றாள்.

திரும்பிப் பார்த்தபோது மொதோஹாரு பெஞ்சின் விளிம்புக்கு வந்திருந்தான். இடது விரல் அவளைக் காட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்கக் கரடியும் இல்லை, மயிலும் இல்லை.

"நோ..." கழுத்து நரம்பு புடைத்தது. "நோ... நோ..."

குரேஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் வாயையே பார்த்தாள்.

"அம்மா," என்றாள் ஆசிரியை, இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக. "முதல்வர் காத்திட்டிருக்கார்."

நோரியே ஆசிரியையைப் பார்த்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, கணவனுக்கு எதிரே தாழ்வாரத் தரையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"மன்னிக்கணும். அவங்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க," என்றாள், அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இவர் பேசிக்கிட்டிருக்கார்."